நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற டொக்டர் எங்கே உருவாகிறார்?

"ஆஸ்பத்திரி இருக்கு, கட்டில் இருக்கு, டொக்டர்தான் இல்லை." மலையகத்தில் எந்த டிவிஷனுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுவாங்க, பஸ் நிற்கிற சந்தியில் பேசுவாங்க, தலைவர்மார் வந்தால் அவங்ககிட்டயும் சொல்லுவாங்க. சொல்வதில் பிழையில்லை. ஆனால் டொக்டர் என்பவர் கடையில் வாங்கி வந்து வைக்கிற சாமான் இல்லை. அவர் எங்கே பிறக்கிறார், எங்கே படிக்கிறார், என்ன படிக்கிறார், ஏன் நம்ம பக்கம் வந்தவர் இரண்டு வருஷத்தில் பெட்டியைக் கட்டுகிறார் என்பதையெல்லாம் நாம் தெரிந்து வைத்திருந்தால், எதைக் கேட்கிறது, யாரிடம் கேட்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம்ம பாட்டன் பூட்டன் கோப்பி வெட்டிய காலத்திலேயே தோட்டத்து ஆட்களின் வைத்தியத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டு வந்த மருத்துவத் தேவைகள் சட்டம் அது. நோயில் விழுந்த ஆள் வேலைக்கு வர முடியாது என்ற கணக்கும் அதில் இருந்தது, மறைப்பதற்கில்லை. அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாக தோட்டத்து டிஸ்பென்சரியில் நாம் "டொக்டரையா" என்று கூப்பிட்டவர் பெரும்பாலும் தோட்ட மருத்துவ உதவியாளர். பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து பட்டம் வாங்கியவர் இல்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்த ஆள் அவர்தான். 1990களில் அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில் கொண்ட புதுக் கட்டிடம் திறக்கப்பட்டது. கட்டிடம் கட்ட சில வருஷம் போதும். அதற்குள்ளே நின்று வேலை செய்கிற ஆளை உருவாக்க எத்தனை வருஷம் என்று பார்ப்போம்.

எட்டு வருஷக் கணக்கு

பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணி, உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் படித்து, நல்ல இசட் புள்ளி எடுத்தால்தான் மருத்துவ பீடம். அங்கே ஐந்து வருஷம். முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் உடம்பின் அமைப்பு, உடம்பு வேலை செய்யும் விதம் என்று புத்தகமும் ஆய்வுகூடமுமாகப் போகும். அதன் பிறகு போதனா வைத்தியசாலையில் வார்ட்டு வார்ட்டாக நின்று நோயாளியைப் பார்த்துப் படிப்பார்கள். பட்டம் கிடைத்த பிறகு ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொரு பிரிவு. உயர்தரத்தில் இருந்து எண்ணிப் பார்த்தால் எட்டு வருஷத்துக்குக் குறையாது. இடையில் காத்திருக்கிற காலம் வேறு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். உள்ளகப் பயிற்சியில் ஒருவர் பொது வைத்தியமும் சத்திர சிகிச்சையும் எடுத்திருப்பார். இன்னொருவர் பிள்ளைகள் வார்ட்டும் பிரசவ வார்ட்டும் எடுத்திருப்பார். இரண்டு பேருமே நல்ல டொக்டர்தான். ஆனால் முதலாமவர் ஒரு சின்ன பிரதேச வைத்தியசாலைக்குத் தனியாக வந்து சேருகிற அன்றைக்கு, அவர் கடைசியாக ஒரு பிரசவத்தைக் கையில் எடுத்தது மாணவனாக இருந்தபோதாக இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சந்தேகம் வந்தால் மேலே விசேட வைத்திய நிபுணர் இருக்கிறார், பக்கத்து வார்ட்டில் இன்னொருவர் இருக்கிறார், ஸ்கான் இருக்கிறது, இரத்த வங்கி இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரியில் அவரும், ஒரு தாதியும், ஒரு அட்டென்டனும், வெளியே மழையும்தான்.

குளவிக் கொட்டை எடுத்துக்கொள்வோம். நம்ம மலைக்கு இது புதுசு இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் கூட்டமாகக் குளவியிடம் மாட்டுகிறார்கள். சிலருக்கு கொட்டின கொஞ்ச நேரத்திலேயே தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அந்த நேரத்தில் டொக்டர் யாருக்கும் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அட்ரினலின் மருந்தைத் தொடைச் சதையில் உடனே ஏற்றணும். இது அவருக்குத் தெரியாத பாடமில்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேரை லொறியில் கொண்டுவந்து இறக்கினால் யாரை முதலில் பார்க்கிறது, யாரைப் படுக்கவைத்துக் கவனிக்கிறது, யாரை அம்புலன்ஸில் ஏற்றுகிறது என்று தீர்மானிப்பது பாடத்தில் மட்டும் வருகிற காரியம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நிறைய இடத்தில் கொட்டு வாங்கிய ஆளுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தாலும், அந்த விஷம் அடுத்த நாள்களில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால்தான் "வீட்டுக்குப் போறேன்" என்று அடம் பிடிப்பவரை டொக்டர் வார்ட்டில் வைக்கப் பார்க்கிறார். மூத்திரம் குறைந்தால், அல்லது நிறம் கறுத்தால் உடனே காட்டணும். இதைத் தெரிந்த டொக்டரும், டொக்டர் சொல்வதைக் கேட்கிற நோயாளியும் இரண்டு பேருமே வேணும்.

கிராமத்து வைத்தியம் என்பது பட்டணத்து வைத்தியத்தில் பாதி என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. அது தனியாக ஒரு வேலை. பட்டணத்து நிபுணர் ஒரு உறுப்பை ஆழமாகப் பார்ப்பார். இங்கே இருப்பவர் காலையில் இருமலும் இரத்தக் குறைவும் பார்ப்பார், பத்து மணிக்கு கர்ப்பிணி கிளினிக் இருக்கும், மத்தியானம் கவ்வாத்துக் கத்தி பட்ட கால் வரும், ராத்திரி பாம்புக்கடி வரும். எது தன்னால் முடியும், எதை உடனே அனுப்பணும் என்று தெரிவதுதான் அவருடைய பெரிய கெட்டித்தனம்.

பாஷையும் ஒரு மருந்துதான். "மேலெல்லாம் ஓயுது", "கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு கரிக்குது" என்று நம்ம ஆட்கள் சொல்வதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. மருத்துவ பீடத்தில் பாடம் இங்கிலீஷில்தான். தமிழ் பேசி வளர்ந்த டொக்டருக்கே நம்ம பேச்சு முதலில் புதுசாக இருக்கும். சிங்களம் மட்டும் தெரிந்தவர் வந்தால் நடுவில் யாராவது நின்று சொல்லணும். மாதவிடாய், கணவன் அடித்த காயம், மனக்கஷ்டம் மாதிரி விஷயங்களை இன்னொருவர் வாய் வழியாகச் சொல்ல எந்தப் பொம்பளைக்கும் மனசு வராது. சொல்லாமல் வந்த நோய்க்கு டொக்டர் எப்படி மருந்து எழுதுவார்?

ஏன் நிற்கிறதில்லை?

உள்ளகப் பயிற்சி முடிந்தவர்களுக்கு அவர்கள் எடுத்த தகுதி வரிசைப்படி இடம் கொடுக்கிறார்கள். மேலே உள்ளவர் முதலில் தெரிவு செய்வார். யாரும் எடுக்காத இடங்கள் கடைசியில் மிஞ்சும். அந்த மிஞ்சுகிற இடங்களில்தான் நம்ம மாதிரி ஊர்களும் இருக்கும். வந்தவர் தன் கடமையைச் செய்துகொண்டே அடுத்த இடமாற்றத்துக்கு விண்ணப்பமும் போடுவார்.

அவரைச் சுயநலக்காரர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக் கூடாது. அவருக்குக் கல்யாணமாகி மனைவியோ புருஷனோ கண்டியில் வேலை செய்யலாம். பிள்ளைக்குப் பாடசாலை பார்க்கணும். விசேட நிபுணராக மேலே படிக்கிறதென்றால் பட்டமேற்படிப்பு நிறுவனம் கொழும்பில், படிப்பதற்கு நூல்நிலையமும் கூடப் படிக்கிற ஆட்களும் வேணும். குவார்ட்டர்ஸ் ஒழுகும், பேச ஆள் இருக்காது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏராளமான டொக்டர்மார் நாட்டை விட்டே போனார்கள். அப்படிப் போகும்போது முதலில் வெறுமையாவது ஓரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிதான்.

ஆனால் இது இலங்கைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உலகம் முழுக்க இருக்கிறது. இதற்கு என்ன வழி என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னமே நம்ம நாட்டில் ஒருவர் யோசித்திருக்கிறார்.

மானிப்பாயில் தமிழில் படித்த டொக்டர்மார்

அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வரும்போது வயது 25. அடுத்த வருஷமே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மானிப்பாயில் வைத்தியசாலையும் நடந்தது, வகுப்பும் நடந்தது. முதலில் இங்கிலீஷில்தான் படிப்பித்தார்.

கொஞ்ச வருஷத்தில் அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. இங்கிலீஷில் நன்றாகப் படித்து வெளியே போகிறவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூரையும் தேடிப் போய்விடுகிறார்கள், யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் நிற்பவர் குறைவு. நாம் இன்றைக்குச் சொல்கிற அதே குறைதான். அதற்கு அவர் கண்ட வழி, வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிப்பது. தமிழில் படித்தவர் ஊரிலேயே தொழில் செய்வார், ஊராருக்கு விளங்கிற மாதிரிப் பேசுவார் என்று நினைத்தார். 1864 முதல் தமிழில் வகுப்பு தொடங்கியது.

சொல்வதற்கு லேசாக இருக்கிறது. அந்தக் காலத்தில் மேல்நாட்டு வைத்தியத்துக்குத் தமிழில் புத்தகம் எங்கே? கிறீனும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். பிரசவ வைத்தியத்துக்கு ஒரு புத்தகம், சத்திர சிகிச்சைக்கு இரணவைத்தியம், உடம்பின் அமைப்புக்கு மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய பெரிய நூல்கள் அச்சில் வந்தன. ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பேர் வைக்கணும். மாணவர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார், அதுவே அவர்களுக்கு ஒரு படிப்பானது. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபது பேருக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். அவர் 1873இல் ஊர் திரும்பிய பிறகு தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. மானிப்பாயில் அவர் பேரில் ஆஸ்பத்திரி இன்றைக்கும் இருக்கிறது.

இன்றைக்கு மருத்துவத்தைத் தமிழில் படிப்பிக்கணும் என்று நான் சொல்ல வரவில்லை. மேற்படிப்பும் மருந்து ஆராய்ச்சியும் இங்கிலீஷில் ஓடுகிற காலத்தில் அது பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் கிறீன் பிடித்த நூல் சரியான நூல்தான். யாரைச் சேர்க்கிறோம், எங்கே வைத்து, எந்த மக்களுக்காகப் படிப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் டொக்டர் ஊரில் நிற்பதும் போவதும்.

கொழும்பு மருத்துவப் பாடசாலையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வன்னியில் கிராமம் கிராமமாக ஆட்கள் நோயால் அழிந்துகொண்டிருந்தபோது அதை ஆராய்ந்து டொக்டர் ஜேம்ஸ் லூஸ் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்துதான் ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில் 1870 ஜூன் மாதம் கொழும்பில் மருத்துவப் பாடசாலை 25 மாணவர்களோடு திறக்கப்பட்டது. லூஸ்தான் அதன் முதல் அதிபர். கிராமத்து நோய்க்காகத் திறந்த பாடசாலை அது. படித்தவர்கள் பட்டணத்தில் நின்றது பிறகு நடந்த கதை.

மருத்துவமாது டொக்டரான ஊர்

பிலிப்பைன்ஸ் நாட்டில் லேய்ட்டே என்று ஒரு தீவு. அந்த நாட்டு டொக்டர்மாரும் தாதிமாரும் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1976இல், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் அந்தத் தீவில் ஒரு சுகாதார விஞ்ஞானப் பாடசாலையைத் தொடங்கியது. தலைநகரத்தில் இல்லை, தீவிலேயே.

அங்கே பிள்ளையை மாணவராகத் தெரிவு செய்வது பரீட்சைப் புள்ளி மட்டும் இல்லை. எந்தக் கிராமத்தில் சுகாதார ஊழியர் இல்லையோ அந்தக் கிராமத்துச் சனங்கள் கூடி, "இந்தப் பிள்ளையை அனுப்புகிறோம்" என்று பேர் சொல்லி அனுப்பணும். பிள்ளையும் "படித்துவிட்டு இங்கே திரும்பி வருவேன்" என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்ளணும்.

படிப்பு ஏணிப்படி மாதிரி. எல்லாரும் முதல் படியில்தான் ஏறுகிறார்கள். டொக்டராக வரப்போகிறவரும் முதலில் மருத்துவமாதுப் படிப்புப் படிக்கிறார். அதை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வேலை செய்யணும். பிரசவம் பார்க்கணும், பிள்ளைகளை நிறுக்கணும், வீடு வீடாகப் போகணும். அவர் வேலை நன்றாக இருக்கிறது, ஊருக்கு இன்னும் மேலே படித்த ஆள் தேவை என்று ஊர்ச் சனங்கள் மறுபடி சொன்னால்தான் அடுத்த படி, தாதிப் படிப்பு. அதை முடித்து மறுபடி ஊர். அதற்கும் பிறகுதான் மருத்துவப் பட்டம். எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும், தோற்றுப்போன ஆள் என்று யாரும் சொல்ல முடியாது.

யோசித்துப் பாருங்க. இப்படி வந்த டொக்டர் மருத்துவமாது என்ன கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்தவர். தாதியை "ஏய்" என்று கூப்பிடமாட்டார், ஏனென்றால் அந்தச் சீருடையை அவரும் போட்டவர். ஒரு வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் வயிற்றோட்டத்துக்கு மருந்து மட்டும் எழுதிக் கொடுக்கவும் மாட்டார்.

குறையும் இருக்கிறது. டொக்டராகும்வரை ஏறுபவர் தொகை கொஞ்சம்தான். பெரும்பாலானோர் மருத்துவமாதாகவோ தாதியாகவோ நின்றுவிடுகிறார்கள். காலமும் நீளம். ஆனால் அங்கே படித்து வெளியே வந்தவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவில் வெளிநாடு போகாமல் சொந்த நாட்டிலேயே வேலை செய்கிறார்கள். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி அந்தப் பாடசாலையின் கட்டிடங்களை நாசமாக்கியது. படிப்பு நிற்கவில்லை.

பணக்கார நாடான யப்பானுக்கும் இதே தலையிடி இருந்தது. அங்கே 1972இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் உள்ள 47 மாகாணங்களும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைத் தெரிவு செய்து அனுப்பும். படிப்புச் செலவு கடனாகக் கொடுக்கப்படும். ஆறு வருஷம் படித்த பிறகு ஒன்பது வருஷம் சொந்த மாகாணத்தில், அதில் ஒரு பகுதி குக்கிராமத்தில், வேலை செய்தால் கடன் தள்ளுபடி. ஒப்பந்தத்தை முறித்தால் காசைத் திருப்பிக் கட்டணும். எனக்கு இந்த முறையைவிட லேய்ட்டே முறைதான் பிடித்திருக்கிறது. கடன் ஆளைக் கட்டி வைக்கும், மனசைக் கட்டி வைக்காது. இருந்தாலும் ஒன்பது வருஷம் ஒரு ஊருக்கு டொக்டர் கிடைக்கிறார் என்றால் அதுவும் லேசான காரியம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் எல்லா நாட்டு அனுபவத்தையும் பார்த்து வெளியிட்ட வழிகாட்டலிலும் இதைத்தான் சொன்னது. கிராமத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை மருத்துவப் படிப்புக்குச் சேருங்கள், மருத்துவப் பாடசாலைகளைத் தலைநகருக்கு வெளியே வையுங்கள், மாணவர்களைப் படிக்கும் காலத்திலேயே கிராமத்துக்கு அனுப்புங்கள் என்று. கூடவே, வந்து வேலை செய்கிறவருக்கு ஒழுங்கான வீடும் பிள்ளைக்குப் பாடசாலையும் மேலே படிக்க வழியும் செய்து கொடுங்கள் என்றும் சொன்னது.

நம்ம பிள்ளைகளுக்கு உள்ள வழி

நம்ம நாட்டில் லேய்ட்டே மாதிரி ஏணி இல்லை. இங்கே பதினெட்டு மாதம் பயிற்சி எடுத்து குடும்பநல உத்தியோகத்தராக வருகிற பெண், எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அந்த வேலையிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போக நேர் வழி கிடையாது. இது மாறணும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்கிற இடத்தில் சும்மா "டொக்டர் வேணும்" என்று கேட்பதைவிட, "நம்ம தோட்டத்துப் பிள்ளையைப் படிப்பித்து நம்ம தோட்டத்துக்கே அனுப்ப ஒரு முறை செய்யுங்க" என்று கேட்டால் அதில் பலம் கூட.

அதுவரைக்கும் இருக்கிற வழியையாவது தெரிந்துகொள்ளணும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுக்கும்போது நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான தகுதிப்படி, 55 இடம் மாவட்ட அடிப்படையில், 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி எல்லாம் அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டி மாவட்டம் இல்லை. அதனால் கண்டி மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை கண்டி டவுனில் உள்ள பெரிய பெரிய பாடசாலைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பிள்ளை எந்த மாவட்டத்துக் கணக்கில் வரும் என்பதற்கு விதிமுறை இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருஷா வருஷம் வெளியிடும் கைநூல் தமிழிலும் வருகிறது. பரீட்சை எழுதிய பிறகு இல்லை, பாடசாலை மாற்ற நினைக்கும்போதே அதைப் பாருங்க.

இலவசக் கல்வி என்றாலும் செலவு இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் மருத்துவ பீடம் இல்லை, பேராதனை என்றாலும் வீட்டிலிருந்து போய்வர முடியாது. போர்டிங், புத்தகம், பஸ் காசு எல்லாம் பார்க்கணும். மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே உதவுகிறது, உயர்தரம் படிக்கிறவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அப்பா அம்மா பேரில் உள்ள தோட்டத்துக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருங்க, விண்ணப்பப் போர்ம் நிரப்பும்போது தேவைப்படும்.

இங்கிலீஷையும் ஆறாம் வகுப்பிலிருந்தே கவனிக்கணும். நம்ம பிள்ளைகள் தமிழில் உயர்தரம் படித்து நல்ல புள்ளி எடுத்து உள்ளே போன பிறகு, முதல் வருஷத்தில் பாடம் விளங்காமல் அழுகிறதைப் பல பேர் பார்த்திருக்கிறோம். மூளை இல்லாமல் இல்லை, பாஷை இல்லாமல்.

இன்னும் ஒன்று, இது தெரியாமல் வழி மாறிப் போன பிள்ளைகளும் உண்டு. சாதாரண தரம் முடிந்து உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போது, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்று சில பாடசாலைகளில் அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கச் சொல்வார்கள். அதுவும் உயிரியல் பிரிவுதான், அதிலிருந்து நல்ல நல்ல படிப்புகளுக்குப் போகலாம். ஆனால் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேணும். விவசாய விஞ்ஞானத்தோடு எத்தனை நல்ல புள்ளி எடுத்தாலும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பிள்ளைக்கு டொக்டராகும் ஆசை இருந்தால், போர்மில் கையெழுத்துப் போடுவதற்கு முதல் நீங்களே அதிபரிடம் போய், பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்க. இல்லை என்றால், பக்கத்தில் எந்தப் பாடசாலையில் இருக்கிறார் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்க.